தூசிக்குப் பின்னால் ஒரு கூட்டம்

என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் "நட்சத்திர ஆராய்ச்சி" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டம்மா மட்டும் விடமாட்டார்.

"நட்சத்திரம் நம்ம தாமானுக்கு மேலயே இருக்கேண்ணே. அதப் பாக்க எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்?"

"இங்க தெரிய மாட்டேங்குதேம்மா."

"தெரியாததப் பாத்து என்ன செய்யப் போறோம்? வந்து கல்யாணம் பண்ணிக்கச் சொல்லுங்க லா."

அவர் மேல் குற்றமில்லை. மலேசியாவின் தென்கோடியில், கெலாங் பாத்தாவில், தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில் எங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது மேகம்தான். ஒரு பக்கம் துறைமுகத்து விளக்கு, இன்னொரு பக்கம் கடலுக்கு அப்பால் சிங்கப்பூர். இரண்டு வெளிச்சமும் பட்டு அது எப்போதும் செம்மண் நிறத்தில் கிடக்கும். நானும் வானத்தைப் பார்த்து வளர்ந்தவன் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதற்கு மேல் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் வரைக்கும். அவ்வளவுதான் என் படிப்பு. பல வருடம் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வந்து வேலை செய்தேன். இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். முருகன் புண்ணியத்தில் கை கால் நன்றாக இருக்கிறது.

மகள் இருந்தது சிலி நாட்டில். ஏறக்குறைய பூமிக்கு அந்தப் பக்கம். எனக்கு விளக்கு வைக்கிற நேரம் அவளுக்கு விடிகிற நேரம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நான் கோயிலுக்குப் போய் வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சாமி படத்துக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். போனில் அவள் முகம் வரும். கையில் காப்பி இருக்கும். தலை வாரியிருக்கமாட்டாள்.

என் மனைவி இருந்தவரைக்கும் அந்த நேரம் அவர்கள் இருவருடையது. நான் பின்னால் எங்கேயாவது நின்று "சாப்டியாம்மா" என்று கேட்பேன், அதோடு சரி. மனைவி தவறிப்போன பிறகு விளக்கும் போனும் என் கைக்கு வந்தன. இரண்டும் எனக்குப் பழக்கமில்லாதவை. திரியைப் போட்டால் எண்ணெய் முழங்கை வரைக்கும் வழியும். மகளிடம் என்ன பேசுவது என்றும் தெரியாது. தாயின் காரியத்துக்கு அவள் விமானம் மாற்றி மாற்றி வந்து சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் கோயில் பேச்சை எடுப்பதில்லை. நானும் எடுக்கமாட்டேன். வேறு என்னதான் பேசுவது? அப்படித்தான் அவள் வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன்.

"ஒரு உருண்ட மாதிரி நெனச்சுக்குங்கப்பா. லட்சக்கணக்கான நட்சத்திரம். ஒன்ன ஒன்னு இழுத்துப் புடிச்சிக்கிட்டு, கலஞ்சு போகாம ஒரே கூட்டமா இருக்கும். நம்ம சூரியன் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாலேர்ந்தே அப்படித்தான் இருக்கு."

தமிழில் அதைக் கோளக் கொத்து என்கிறார்களாம். எனக்காக அவளே தேடிப் பார்த்துச் சொன்னாள். வெளியே இருக்கிற கொத்துகளையெல்லாம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்சம் சில, நம்முடைய பால்வீதியின் நடுப்பக்கத்தில், தூசிக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. சாதாரண வெளிச்சம் அந்தத் தூசியைத் தாண்டி வராது. அகச்சிவப்பு என்று ஒரு வெளிச்சம், நம் கண்ணுக்குத் தெரியாதது, அது ஓரளவு தாண்டி வரும். அதைப் பிடிக்கிற தொலைநோக்கி ஒன்று அங்கே மலைமேல் இருக்கிறது. அது எடுத்து வைத்திருக்கிற படங்களில் நட்சத்திரம் எங்கே வழக்கத்தைவிட நெருக்கமாக இருக்கிறது என்று தேடுவதுதான் அவள் வேலை.

அவள் மலைமேல் குளிரில் நின்று குழாயில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று வெகுகாலம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "ஸ்வெட்டர் போட்டுக்கம்மா" என்று வாரம் தவறாமல் சொல்வேன். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பா, நான் மலைக்கே போறதில்ல. டவுன்ல ஆபீஸ்ல உக்காந்து கம்ப்யூட்டர் பாக்கறேன். ஹீட்டர் வேற. வேர்க்குது எனக்கு."

"அப்ப சரி. தண்ணி நெறைய குடி."

இப்படித் தேடியதில் அவளுக்கு ஒரு கூட்டம் அகப்பட்டது. படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். ரவையைக் கறுப்புத் துணியில் கொட்டினதுபோல் இருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டிருந்தாள். கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"வட்டத்துக்கு உள்ள இருக்கறதும் வெளிய இருக்கறதும் எனக்கு ஒன்னாத்தான்மா தெரியுது."

"எனக்கும் அப்படித்தான் தெரியும். எண்ணிப் பாத்தாத்தான் உள்ள ஜாஸ்தி."

"அப்ப கண்டுபிடிச்சாச்சு."

"எங்க கண்டுபிடிச்சாச்சு? இனிமேதான் இருக்கு. நீங்க சிங்கப்பூர் லிங்க் பாலத்துல மோட்டார்ல போவீங்களே, காலைல இமிகிரேஷன்கிட்ட எப்படி நிக்கும்?"

"ஈ மாதிரி மொய்க்கும்."

"மேலேர்ந்து பாத்தா எல்லாம் ஒரே கூட்டம். ஆனா யாரு யாரோட வந்தாங்கன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

நான் யோசித்தேன். நின்றுகொண்டிருக்கும்போது சொல்ல முடியாது. கேட்டைத் தாண்டி வண்டிகள் ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். ஒரே கம்பெனி ஆட்கள் ஒன்றாகத் திரும்புவார்கள், ஒருவன் பின்தங்கினால் மற்றவன் மெதுவாகப் போவான். மற்றவர்கள் அவரவர் வழியில் போய்விடுவார்கள். அதைச் சொன்னேன்.

"அதேதான்பா. இந்த நட்சத்திரமெல்லாம் ஒரே பக்கமா, ஒரே வேகத்துல நகருதான்னு பாக்கணும். வருசக்கணக்கா எடுத்த படத்தப் பக்கத்துல பக்கத்துல வெச்சு அளக்கணும். ஒன்னா நகர்ந்தா குடும்பம். அப்புறம் எவ்ளோ தூரம், என்ன வயசு, எவ்ளோ இரும்பு இருக்குன்னு பாக்கணும்."

"இரும்பா? ரத்தத்துல பாக்கற மாதிரியா?"

சிரித்தாள். வெகுநாள் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன். "ஆமாப்பா, அங்க மட்டும் இரும்பு கம்மியா இருந்தா ரொம்ப சந்தோசம். அவ்ளோ பழசுன்னு அர்த்தம்."

சிரித்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்ததைச் சொன்னாள். அந்தக் கூட்டம் நிஜமாக இருந்தால் அங்கே இன்னும் மூன்று வருடம் வேலை கொடுப்பார்கள். இல்லையென்றால் இந்த வருடத்தோடு சரி.

"இல்லன்னா வீட்டுக்கு வந்துருவேன்பா. ஜே.பி.லயே எதாச்சும் ஸ்கூல்ல படிச்சுக் குடுக்கறேன்."

ஜே.பி. என்றால் ஜொகூர் பாரு, எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் அரை மணி நேரம். காலையில் போய் மாலையில் வந்துவிடுவாள். நான் அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் இன்னொன்று சொன்னாள்.

"பா, ஒரு அர்ச்சனை போட்டுருங்க."

தாய் போனதிலிருந்து சாமியிடம் எதையும் கேட்காத பிள்ளை. காதில் விழுந்தது சரிதானா என்றுகூட எனக்குச் சந்தேகம். "போட்டுறேன்மா" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எங்கள் தாமானின் கடைசியில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த முருகன் கோயில். சீட்டு வாங்கி, தேங்காய், பழம், வெற்றிலை, மல்லிகையெல்லாம் வைத்த தட்டோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு புதுக் கல்யாண ஜோடி. அதற்கு முன்னால் பரீட்சை எழுதப்போகும் ஒரு பெண்ணின் தாயார். எல்லாரும் என்ன கேட்க வந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நானோ என்ன கேட்பது என்றே தெரியாமல் நின்றேன். கூட்டம் நிஜமாக இருக்கட்டும் என்று கேட்டால், என் பிள்ளையை இன்னும் மூன்று வருடம் வரவிடாதே என்று கேட்டதாகும். அவள் வரட்டும் என்று கேட்டால், அவள் உழைப்பெல்லாம் வீணாகட்டும் என்று கேட்டதாகும். முருகன் கொடுக்காமல் விட்டதில்லை எனக்கு. அதனால்தான் பயமாக இருந்தது.

குருக்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சின்ன வயதுக்காரர். தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

அவள் பெயர் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பூரட்டாதி நட்சத்திரம். சிறு பிள்ளையிலிருந்து அவளுக்காக எத்தனையோ முறை சொன்னதுதான்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க ஐயா" என்றேன்.

அப்படி ஒரு வழக்கம் உண்டு. தனக்கென்று கேட்க ஒன்றும் இல்லாதவர்களும், கேட்க மனம் இல்லாத பெரிய மனதுக்காரர்களும் சாமி பெயருக்கே அர்ச்சனை செய்யச் சொல்லிவிடுவார்கள். நான் அந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. குருக்களுக்கு அது தெரியவா போகிறது? மந்திரம் சொல்லி, தீபம் காட்டி, திருநீறு கொடுத்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"போட்டீங்களாப்பா?"

"போட்டேன். உன் பேருக்குப் போடல. சாமி பேருக்குப் போட்டேன்."

"ஏம்பா?"

"உன் பேருக்குப் போட்டா என்ன கேக்கறதுன்னு தெரியலம்மா."

அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பனி போர்த்திய மலை தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"எங்க ப்ரொபசரும் இததான் சொல்றாரு. கூட்டம் இருக்கணும்னு ஆசப்பட்டுக்கிட்டே எண்ணாத, சும்மா எண்ணுன்னு."

"நல்ல மனுசர்."

"நல்லவருதான்." காப்பியை ஒரு வாய் குடித்தாள். "இருந்தாலும் என் பேரச் சொல்லியிருக்கலாம்பா."

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை அதிகமாகிவிட்டது. போன் வந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை வரவே இல்லை. பாயில் உட்கார்ந்திருந்துவிட்டு, கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைப் பிரித்துச் சாப்பிட்டேன். வானொலியில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத அந்தப் பிள்ளைக்கு நானும் மனசுக்குள் வாழ்த்துச் சொன்னேன். வீட்டில் பேச ஆளில்லாதவன் எதற்கெல்லாம் பதில் சொல்லுவான் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் புகைமூட்டம் வந்தது. கடலுக்கு அப்பால் இந்தோனேசியாவில் காடு எரிகிற நாற்றம். கிடங்கில் எல்லாருக்கும் முகக்கவசம் கொடுத்தார்கள். சாயந்திரம் வீடு திரும்பும்போது மேம்பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். எங்கும் ஒரே சாம்பல். ஓர் இடத்தில் மட்டும் காற்று புகையைக் கொஞ்சம் விலக்கியிருந்தது. அங்கே நெருக்கமாகச் சில விளக்குகள். புதிதாகப் பார்ப்பவன் அங்கே மட்டும்தான் ஊர் இருக்கிறது என்பான். எனக்குத் தெரியும், அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடுகள்தான். ரொம்பவும் இருமியதால் நிற்காமல் வந்துவிட்டேன்.

அவள் கூப்பிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஞாயிறன்று அவள் கூப்பிடும் வழக்கமில்லை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"கூட்டம் இல்லப்பா."

"என்னம்மா?"

"அங்க கூட்டமே இல்ல. தூசி அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் மெலிசு. அதனால பின்னால இருக்கறது நெறைய தெரிஞ்சிருக்கு. ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்ல. ஒன்னு பக்கத்துல, ஒன்னு எங்கயோ தூரத்துல. எல்லாம் அதது வழியில போய்க்கிட்டு இருக்கு."

எனக்கு மேம்பாலத்தில் பார்த்தது உடனே கண்ணில் வந்தது. அதற்கு மேல் அவள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் நெஞ்சுக்குள் முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வரப்போகிறாள். அது வந்த கையோடு அவள் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"அழுதியாம்மா?"

"நேத்தே அழுதாச்சு. இனி எழுதணும்."

"என்னத்த எழுதணும்?"

"இல்லன்னு எழுதணும். எழுதலன்னா பின்னால வர்றவங்க இதையே நம்பித் தேடிக்கிட்டு இருப்பாங்க."

அவள் எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் நான் அவள் அறையைச் சரிசெய்தேன். பரணில் இருந்த அவளுடைய பள்ளிக்கூடத்துச் சாமான்களைத் தட்டித் துடைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். பழைய காற்றாடி கடகடவென்று சத்தம் போடும் என்று, தாமான் கடையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

"பாப்பா வர்றாளாண்ணே?"

"வருசக் கடைசியில வந்துரும்மா."

"தேடினது கெடச்சிருச்சா?"

"இல்லையாம். அங்க ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சிருச்சாம்."

"அலமாக். ஒன்னும் இல்லன்னு சொல்லவா இத்தன வருசம்?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடுங்க, வரட்டும். எனக்கும் பேச்சுத் தொண ஆச்சு" என்று ஒரு கிண்ணம் புளிக்குழம்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவள் காப்பி இல்லாமல் வந்தாள். தலை வாரியிருந்தாள். எனக்கு அப்போதே ஏதோ என்று பட்டது. ஜெர்மனியில் இதே வேலை செய்கிறவர்கள் அவள் எழுதினதைப் படித்திருக்கிறார்கள். அவர்களிடமும் இப்படிச் சில கூட்டங்கள் இருக்கின்றனவாம், நிஜமா பொய்யா என்று தெரியாமல். அவள் சோதித்துப் பார்த்த விதம் அவர்களுக்குப் பிடித்துப்போய், வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை வருடம் என்று நான் கேட்கவில்லை.

"நீ என்னம்மா சொன்ன?"

"ஒன்னும் சொல்லல. வீட்டுக்கு வரேன்னு உங்ககிட்ட சொல்லிட்டேனே. நீங்க சொல்லுங்கப்பா."

"நான் என்ன சொல்றது?"

"அன்னைக்குக் கோயில்ல சொல்லாம வந்துட்டீங்க. இப்ப என்கிட்ட சொல்லுங்க. நெஜமாவே கேக்கறேன். வான்னா வந்துருவேன்."

சொல்லியிருந்தால் வந்திருப்பாள். அவள் குணம் எனக்குத் தெரியும், முகம் கோணாமல் வந்திருப்பாள். புதுக் காற்றாடியின் கீழே படுத்து, பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டு, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாள். அந்த ஆசையை நான் முழுதாகப் பார்த்தேன். சாமி படத்தையும் பார்த்தேன். அவர் எப்போதும்போல் வேலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

"அங்க இன்னும் நெறைய ஒளிஞ்சிருக்காம்மா?"

"இருக்கும்பா. இருக்குன்னுதான் எல்லாரும் நம்பறாங்க. தூசி ரொம்ப அடர்த்தியா இருக்கற பக்கம் இதுவரைக்கும் யாரும் சரியாப் பாக்கவே இல்ல." சொல்லும்போதே அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை. போனில் எனக்குத் தெரிந்தது.

"அப்ப போ" என்றேன்.

"பா."

"போம்மா. அப்பாவுக்கு வேல இருக்கு, கோயில் இருக்கு, பக்கத்து வீட்டம்மா இருக்காங்க ஏச. போயிட்டு லீவுக்கு வா."

அவள் அழுதாள். நான் அழவில்லை. அவள் போனை வைத்த பிறகும் வெகுநேரம் பாயிலேயே இருந்தேன். எழுந்து உள்ளே போகும்போது அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.

அவள் எழுதினது அச்சில் வந்துவிட்டது என்று தகவல் வந்ததும், ஃபோட்டோஸ்டாட் கடையில் கொடுத்து அதைத் தாளில் எடுத்தேன். ஆங்கிலம். மேலே அவள் பெயர், கூட இன்னும் சிலர் பெயர். நடுவில் அந்த ரவை கொட்டின படம். மிச்சம் எதுவும் எனக்குப் புரியவில்லை. நம் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும், புது வண்டிக்குச் சாவி வாங்கினாலும், பரீட்சைச் சீட்டு வந்தாலும் முதலில் சாமி காலடியில் வைத்துத்தான் எடுப்போம். இதற்கும் அதுதானே முறை? கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கூட்டமில்லாத நாள். குருக்கள் தட்டிலிருந்த தாளைப் பார்த்தார்.

"என்ன மாமா, பத்திரிகையா? பொண்ணுக்குக் கல்யாணமா?"

"இல்ல ஐயா. அவ ஆராய்ச்சி பண்ணி எழுதினது. அடிச்சு வந்துருக்கு."

"பேஷ். என்ன கண்டுபிடிச்சிருக்கா?"

"வானத்துல ஒரு எடத்துல ஒன்னும் இல்லன்னு கண்டுபிடிச்சிருக்கு."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம்கூட எழுதுவாளா?"

"எழுதணுமாம். இல்லன்னா மத்தவங்க ஏமாந்து போயிருவாங்களாம்."

"நிச்சயமா இல்லையா?"

"நிச்சயமா இல்லையாம். நல்லா அளந்து பாத்துட்டா."

"அப்ப சரி" என்று உள்ளே எடுத்துப் போய் முருகன் பாதத்தில் வைத்தார். தீபம் காட்டினார். மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் வைத்து, மேலே ஒரு செவ்வரளிப் பூவோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"பொண்ணு எப்ப வரா?"

"இப்ப வரல ஐயா. ஜெர்மனிக்குப் போறா."

"என் பொண்ணு ஊர்ல ஒன்னாங் கிளாஸ் சேர்ந்திருக்கா. போட்டோல பாத்தேன்" என்றார். அவர் தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

மண்டபத்தில் காற்றாடிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். ஈர மஞ்சளோடு மடித்தால் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தாளைத் தொடைமேல் விரித்துவைத்துக்கொண்டு, காயும்வரைக்கும் அங்கேயே இருந்தேன்.